நரம்பு செல்லுக்குள் என்ன இருக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நரம்பு மண்டலப் பாடம் தொடங்கினாலே ஒரே வகைச் சந்தேகங்கள் வரிசைகட்டி வந்துவிடும். பத்தாம் வகுப்பு மாணவர் கேட்பதைத்தான் நர்சிங் படிப்பவரும் கேட்கிறார், போட்டித் தேர்வுக்குப் படிப்பவரும் கேட்கிறார். கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். அடிப்படையானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

1. நரம்பும் நியூரானும் ஒண்ணுதானே?

இல்லை. நியூரான் ஒரு தனி செல். நரம்பு என்பது ஏராளமான நியூரான்களின் ஆக்சான்கள் (செல் உடலிலிருந்து நீளும் நீண்ட இழைகள்), அவற்றின் உறைகள், இணைப்புத் திசு, மெல்லிய இரத்தக் குழாய்கள் எல்லாம் சேர்ந்த ஒரு கட்டு. கைத்தோலுக்கடியில் நீலமாக ஓடுவது இரண்டும் அல்ல; அது சிரை.

நரம்புக்குள் ஓடுவது ஆக்சான்கள்தான். உட்கரு இருக்கும் பகுதியான செல் உடல் பொதுவாக அங்கே இருக்காது. கை கால் தசைகளை இயக்கும் நியூரான்களின் செல் உடல்கள் தண்டுவடத்துக்குள் இருக்கின்றன. தோலிலிருந்து உணர்ச்சியைக் கொண்டுவரும் நியூரான்களின் செல் உடல்கள் தண்டுவடத்தை ஒட்டிய செல்திரள்களில் இருக்கின்றன. பின்னால் வரும் பல பதில்களுக்கு இது தேவைப்படும்.

2. நியூரானுக்குன்னே தனியா ஏதாவது செல் நுண்ணுறுப்பு இருக்கா?

கிடையாது. உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, எண்டோபிளாச வலைப்பின்னல், கோல்கை உறுப்பு, லைசோசோம் என்று கல்லீரல் செல்லில் இருப்பவைதான் இங்கும். நிஸ்ஸில் துகள் என்று தனிப்பெயரோடு பாடத்தில் வருவதுகூடப் பழைய நுண்ணுறுப்பின் இன்னொரு தோற்றமே. கேள்வி 6-இல் பார்க்கலாம்.

வித்தியாசம் பட்டியலில் இல்லை, இருப்பிடத்தில் இருக்கிறது. எந்த நுண்ணுறுப்பு செல் உடலோடு நின்றுவிடுகிறது, எது செய்தியை வாங்கும் கிளைகளான டென்ட்ரைட் வரை போகிறது, எது ஆக்சானின் கடைசி முனை வரை போகிறது என்று கேட்டுப் பழகினால் பாதிப் பாடம் தானாகப் புரியும். படம் வரைந்து பெயர் குறிக்கும் பழக்கத்தில் இந்தக் கேள்வி விடுபட்டுப் போகிறது என்பது என் ஆதங்கம்.

3. சைட்டான், சோமா, பெரிகேரியான், இதெல்லாம் வேற வேற பாகமா?

தேர்வுக்கு மூன்றும் செல் உடலையே குறிக்கும். கறாராகப் பேசுபவர்கள் பெரிகேரியான் என்பதை உட்கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வார்கள். இதற்கு மேல் இதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

4. ஒரு செல் ஒரு மீட்டர் நீளம்னு சொல்றாங்களே, நம்பலாமா?

நம்பலாம். கால் விரல்களை அசைக்கும் சிறு தசைகளுக்கான இயக்க நியூரானின் செல் உடல் கீழ் முதுகில், தண்டுவடத்துக்குள் இருக்கிறது. அங்கிருந்து பாதம் வரை இடையில் வேறு செல் கிடையாது. ஒரே ஆக்சான்தான் ஓடுகிறது. வளர்ந்த ஒருவருக்கு அது ஏறக்குறைய ஒரு மீட்டர்.

அகலம் வேறு கதை. செல் உடலின் விட்டம் சிறுமூளையின் துகள் செல்களில் ஐந்து, ஆறு மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பெரிய இயக்க நியூரான்களில் 100 மைக்ரான் வரை வரும். மனித ஆக்சான்களின் விட்டம் ஒரு மைக்ரானுக்கும் குறைவிலிருந்து 20 மைக்ரான் வரை. அந்தப் பெரிய செல் உடலை ஒரு தேங்காய் அளவுக்குப் பெரிதாக்கினால், ஆக்சான் சுண்டுவிரல் பருமனில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும். அவ்வளவு நீளத்துக்கும் உட்கரு ஒன்றே ஒன்று. இங்கிருந்துதான் நியூரானின் சிக்கல்கள் எல்லாம் தொடங்குகின்றன.

5. நுண்ணோக்கியில உட்கரு ஏன் இவ்வளவு பெரிசா, வெளுப்பா தெரியுது?

உட்கருவில் டி.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்த குரோமாட்டின் இறுகிச் சுருண்டிருந்தால் சாயத்தை அதிகம் பிடித்துக் கறுப்பாகத் தெரியும். தளர்ந்து விரிந்திருந்தால் வெளிறித் தெரியும். நியூரானில் ஏராளமான மரபணுக்கள் சதா வாசிக்கப்படுவதால் பெரும்பகுதி விரிந்தே கிடக்கிறது. நடுவில் தெளிவாகத் தெரியும் உட்கருமணி ரைபோசோம்களின் பாகங்களைத் தயாரிக்கும் இடம். அது பெரிதாக இருப்பதே அந்த செல் எவ்வளவு புரதம் செய்கிறது என்பதற்கு அடையாளம்.

பெண் பாலூட்டிகளின் செல்களில், செயலற்ற எக்ஸ் குரோமோசோம் ஒரு சிறு புள்ளியாகத் தெரியும். அதுதான் பார் உறுப்பு. அதை முர்ரே பார், பெர்ட்ராம் இருவரும் 1949-இல் பூனையின் நரம்பு செல்களில்தான் முதலில் கண்டார்கள். வெளிறிய உட்கருவில் அந்தப் புள்ளி தனித்துத் தெரிந்தது வசதியாகப் போயிற்று.

6. நிஸ்ஸில் துகள்கள்னா என்ன? துகள்னு சொல்றாங்க, ஆனா எண்டோபிளாச வலைப்பின்னல்னும் சொல்றாங்களே?

இரண்டும் சரி. ஜெர்மானிய மருத்துவரான ஃபிரான்ஸ் நிஸ்ஸில் 1880-களில் காரச் சாயங்களைக் கொண்டு மூளைத் திசுவைச் சாயமேற்றியபோது, செல் உடலுக்குள் நீலத் திட்டுகள் தெரிந்தன. அன்றைய நுண்ணோக்கிக்கு அவை துகள்கள்தான். 1950-களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகு அவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சொரசொரப்பான எண்டோபிளாச வலைப்பின்னலும், இடையே கொத்துக் கொத்தாகத் தனி ரைபோசோம்களும் என்று தெளிவாயிற்று. சாயம் ஒட்டிக்கொண்டது ரைபோசோம்களில் உள்ள ஆர்.என்.ஏ.வில்.

இவை செல் உடலிலும் டென்ட்ரைட்டின் தொடக்கப் பகுதியிலும் உண்டு. ஆக்சான் புறப்படும் மேட்டில் சட்டென்று நின்றுவிடும், ஆக்சானுக்குள் கிடையாது. நுண்ணோக்கியில் எது ஆக்சான் என்று கண்டுபிடிக்க இதைவிட எளிய அடையாளம் இல்லை.

7. ஆக்சான்ல நிஸ்ஸில் துகள் இல்லைன்னா, அந்த முனைக்கு வேண்டிய புரதம் எப்படிப் போகுது?

செல் உடலில் தயாராகி ஆக்சான் வழியே பயணிக்கிறது. தானாகப் பரவும் என்று விட்டுவிட்டால் கேள்வி 4-இல் சொன்ன நீளத்துக்கு அது ஆயுளுக்கும் போய்ச் சேராது. ஆகவே ஆக்சான் நெடுகிலும் நுண்குழல்கள் ஒரே திசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன, ஒவ்வொன்றும் 25 நானோமீட்டர் விட்டம் (ஒரு நானோமீட்டர் என்பது மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அவற்றின் மேல் இயக்கு புரதங்கள் சரக்கைச் சுமந்து நகர்கின்றன. முனையை நோக்கிப் போவது கைனசின். செல் உடலை நோக்கித் திரும்புவது டைனீன். கைனசின் ஓர் அடிக்கு 8 நானோமீட்டர் நகரும். அடிக்கு, செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யில் ஒரு மூலக்கூறு செலவு.

வேகம் சரக்கைப் பொறுத்தது. சவ்வால் சூழப்பட்ட பைகள் நாளுக்கு 400 மில்லிமீட்டர் வரை போகும்; ஒரு மீட்டருக்கு இரண்டரை நாள். நுண்குழலையும், ஆக்சானுக்கு உறுதிதரும் நரம்பிழைகளையும் கட்டும் புரதங்களோ நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் நகர்கின்றன. கணக்குப் போட்டால் இடுப்பிலிருந்து பாதம் சேர மூன்று ஆண்டு ஆகும். இயக்கு புரதத்தின் வேகம் இதில் குறைவதில்லை. கொஞ்சம் ஓடி நெடுநேரம் நிற்பதால்தான் சராசரி இறங்கிவிடுகிறது.

திரும்பும் வழி வேண்டாத விருந்தாளிகளுக்கும் திறந்திருக்கிறது. வெறிநாய்க்கடி வைரஸ் நரம்பு முனையில் நுழைந்து டைனீன் வழியாகவே மேலேறுகிறது. முகத்தில் கடிபட்டால் காலில் கடிபட்டதைவிட நோய் விரைவில் வெளிப்படும் அபாயம் அதிகம் என்பதற்கு இந்தத் தூரம் ஒரு காரணம். அது மேலேறும் முன் எதிர்ப்பாற்றல் உருவாக வேண்டும் என்பதால்தான் தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து நுண்குழல்கள் உருவாவதைத் தடுக்கிறது. புற்று செல் பிரிவது நிற்கிறது, கூடவே ஆக்சான் போக்குவரத்தும் பாதிக்கப்படுகிறது. நீளமான ஆக்சான்கள் முதலில் அடிபடுவதால் அந்த நோயாளிகளுக்கு மரத்துப்போதல் கால், கை விரல் நுனிகளில் தொடங்குகிறது.

8. கோல்கை உறுப்பு, கோல்கை சாயம், ரெண்டும் ஒரே ஆள் பேரா?

ஒரே ஆள்தான், இத்தாலியரான கமில்லோ கோல்கை. 1873-இல் அவர் வெளியிட்ட வெள்ளிச் சாய முறை நூற்றில் ஒரு சில நியூரான்களை மட்டும், ஆனால் அவற்றின் கிளைகளோடு முழுமையாகக் கறுப்பாக்கும். எல்லாவற்றையும் சாயமேற்றியிருந்தால் ஒன்றும் புரிந்திருக்காது. 1898-இல் கூகையின் சிறுமூளையில் உள்ள பர்கின்ஜி செல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உட்கருவைச் சுற்றி ஒரு வலை தெரிந்தது. இன்று எல்லா உயிரியல் பாடத்திலும் வரும் கோல்கை உறுப்பு முதலில் தெரிந்தது ஒரு நரம்பு செல்லில். அது சாயத்தால் உண்டான பொய்த்தோற்றம் என்றே பலர் வாதிட்டார்கள்; எலெக்ட்ரான் நுண்ணோக்கிதான் வழக்கை முடித்தது.

நியூரானில் இந்த உறுப்பு பெரும்பாலும் செல் உடலில், உட்கருவை ஒட்டி இருக்கும். நிஸ்ஸில் பகுதியில் தயாரான சவ்வுப் புரதங்களும், செய்தி கடத்தும் சிறு புரதத் துணுக்குகளான நியூரோபெப்டைடுகளும் இங்கே பைகளில் அடைக்கப்பட்டு, கேள்வி 7-இன் பாதையில் ஏறுகின்றன.

9. மைட்டோகாண்ட்ரியா எல்லா இடத்திலும் சமமா இருக்குமா?

இருக்காது. மின்னூட்டம் அடிக்கடி மாறும் இடங்களில் அதிகம். ஒவ்வொரு நரம்புத் தூண்டலின்போதும் சோடியம் உள்ளே புகுகிறது, பொட்டாசியம் வெளியேறுகிறது. அந்த ஏற்றத்தாழ்வைத் தக்கவைக்க சவ்விலுள்ள பம்பு மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுக்கிறது. ஒரு சுற்றுக்கு ஒரு ஏ.டி.பி. உடல் எடையில் 2 சதவீதம் உள்ள மூளை, ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தைத் தின்பதில் இந்தப் பம்புக்குப் பெரும் பங்கு.

மைட்டோகாண்ட்ரியாவும் நுண்குழல் வழியே நகர்வதுதான். சைட்டோபிளாசத்தில் கால்சியம் கூடிய இடத்தில் அது நின்றுவிடும். வேலை மும்முரமாக நடக்கும் சினாப்ஸில் (ஒரு நியூரான் அடுத்த செல்லுக்குச் செய்தி தரும் சந்திப்பில்) கால்சியம் கூடும் என்பதால், தேவைப்பட்ட இடத்திலேயே ஆற்றல் உற்பத்தி நிலைகொள்கிறது. நியூரானில் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு. மூளைக்கு இரத்தம் நின்றால் பத்து விநாடி அளவிலேயே நினைவு தப்புவதன் பின்னணி இதுதான்.

10. மையலின் உறை நியூரானோட பாகம்தானே? படத்துல அப்படித்தானே குறிக்கிறோம்?

படத்தில் குறிக்கிறோம், ஆனால் அது நியூரானின் பாகமல்ல. வேறொரு செல் தன் சவ்வை ஆக்சானைச் சுற்றிப் பல முறை சுருட்டி, இடையிலுள்ள சைட்டோபிளாசத்தைப் பிதுக்கி வெளியேற்றிவிட்டு உண்டாக்கும் உறை அது. மூளை, தண்டுவடத்துக்கு வெளியே இதைச் செய்வது ஷ்வான் செல். ஒரு ஷ்வான் செல் ஓர் ஆக்சானில் ஒரே ஒரு துண்டுக்கு மட்டும் உறை போடும். உள்ளே செய்வது ஆலிகோடென்ட்ரோசைட். அது ஒரே நேரத்தில் பல ஆக்சான்களுக்கு உறை போடும்.

இந்த வேறுபாடு வெறும் மனப்பாடச் சரக்கு என்று நினைப்பவர்கள் நோய்களைப் பார்க்கட்டும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் மூளை, தண்டுவட மையலின் சிதைகிறது. கியான்-பாரே நோயில் சிதைவது பெரும்பாலும் வெளி நரம்புகளின் மையலின். இரண்டு துண்டுகளுக்கு நடுவே உள்ள ரேன்வியர் கணுவில் மட்டும் சோடியம் வாயில்கள் நெருக்கமாக இருப்பதால் தூண்டல் கணுவுக்குக் கணு தாவுகிறது. உறையுள்ள தடித்த இழைகளில் விநாடிக்கு 120 மீட்டர் வரை வேகம் கிடைக்கிறது; உறையற்ற மெல்லிய இழைகளில் 2 மீட்டருக்குள்தான்.

11. டென்ட்ரைட் உள்ளே கொண்டுவரும், ஆக்சான் வெளியே கொண்டுபோகும். இதுபோதும்ல?

முக்கால்வாசி இடத்தில் போதும். தோலிலிருந்து தொடு உணர்வைக் கொண்டுவரும் நியூரானில் போதாது. அதன் செல் உடல் தண்டுவடத்துக்கு வெளியே செல்திரளில் இருக்கிறது என்று கேள்வி 1-இல் சொன்னேன். அதிலிருந்து ஒரே ஒரு நீட்சி கிளம்பி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று தோலுக்கு, இன்னொன்று தண்டுவடத்துக்கு. தோலிலிருந்து வரும் கிளை செல் உடலை நோக்கித்தான் செய்தி கொண்டுவருகிறது. அப்படியானால் அது டென்ட்ரைட்டா?

அமைப்பைப் பார்த்தால் ஆக்சான். சீரான விட்டம், மையலின் உறை, நிஸ்ஸில் துகள் இல்லை, நுண்குழல்களின் வளர்முனை எல்லாம் செல் உடலுக்கு எதிர்ப்புறம். டென்ட்ரைட்டாக இருந்தால் போகப் போக மெலியும், நுண்குழல்கள் இரு திசையிலும் கலந்திருக்கும். இரண்டையும் பிரிக்க அமைப்பையே நம்புங்கள், திசையை அல்ல.

12. சினாப்ஸ்ல ரெண்டு செல்லும் தொட்டுக்கிட்டு இருக்குமா?

வேதி சினாப்ஸில் தொடாது. நடுவே 20 நானோமீட்டர் அளவில் இடைவெளி உண்டு. இதற்காகவே ஒரு பெரிய சண்டை நடந்தது. நரம்பு மண்டலம் முழுவதும் பிரிவில்லாத ஒரே வலை என்றார் கோல்கை. அவருடைய சாயத்தையே பயன்படுத்தி, இல்லை, தனித்தனி செல்கள்தான் என்றார் ஸ்பெயினின் சாண்டியாகோ ரமோன் இ கஹால். 1906-இல் நோபல் பரிசு இருவருக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. பரிசு உரையிலும் கோல்கை விட்டுக்கொடுக்கவில்லை. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் இடைவெளி தெரிந்தபோது இருவருமே உயிரோடு இல்லை. இரு செல்களின் சைட்டோபிளாசத்தையும் நுண்துளைகள் நேரே இணைக்கும் மின் சினாப்ஸ்களும் உண்டு; எண்ணிக்கையில் அவை சிறுபான்மை.

ஆக்சான் முனையில் 40 நானோமீட்டர் அளவுள்ள பைகளில், அடுத்த செல்லுக்குச் செய்தி சொல்லும் வேதிப்பொருளான நரம்புணர்வு கடத்தி நிரம்பியிருக்கிறது. தூண்டல் வந்ததும் கால்சியம் உள்ளே நுழைகிறது, பை சவ்வோடு இணைந்து திறக்கிறது. காலியான பைச்சவ்வு உள்வாங்கப்பட்டு அங்கேயே மறுபடி நிரப்பப்படுகிறது. ஒவ்வொரு பையும் செல் உடலிலிருந்து வரவேண்டும் என்றால் கேள்வி 7-இன் வேகத்தில் நம்மால் ஒரு விரலைக்கூடத் தொடர்ந்து ஆட்ட முடியாது. நியூரோபெப்டைடு நிரம்பிய பெரிய பைகளுக்கு மட்டும் அந்த வசதி இல்லை. அவை கோல்கை உறுப்பிலிருந்துதான் புறப்பட்டு வரவேண்டும்.

13. வயசான நியூரான்ல மஞ்சளா ஏதோ இருக்குன்னு படிச்சேன். அது நோயா?

அது லிப்போஃபுசின். லைசோசோமால் முழுதாகச் செரிக்க முடியாத மிச்சம், மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். பிரியும் செல் என்றால் கழிவு சேய் செல்களுக்குப் பங்கிட்டுக் குறைந்துவிடும். நியூரான் பிரிவதில்லை, எனவே வயதோடு சேர்கிறது. அது இருப்பதாலேயே நோய் என்று சொல்ல முடியாது.

லைசோசோமின் நொதியில் ஒன்று குறைந்தால்தான் கொடுமை. டே-சாக்ஸ் நோயில் ஹெக்சோசமினிடேஸ்-ஏ நொதி செயல்படாததால் ஒருவகைக் கொழுப்பு நியூரான்களில் தேங்கி செல் உடல் உப்புகிறது. பாதிப்பு பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே வெளிப்படுகிறது.

14. சென்ட்ரியோல் இல்லாததாலதான் நரம்பு செல் பிரியறதில்லைன்னு போட்டிருக்கே, சரியா?

பாடப்புத்தகங்களில் நெடுங்காலமாக இருக்கும் வரி. சென்ட்ரியோல் என்பது செல் பிரியும்போது குரோமோசோம்களைப் பிரிக்கும் இழைகளை ஒழுங்குபடுத்த உதவும் நுண்ணுறுப்பு. தேர்வில் அதே கேள்வி வந்தால் உங்கள் புத்தகத்தில் உள்ளபடி எழுதி மதிப்பெண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் காரணம் நிற்காது. உயர் தாவரங்களின் செல்களில் சென்ட்ரியோல் கிடையாது. அவை தாராளமாகப் பிரிகின்றன. இன்னொரு பக்கம், முதிர்ந்த நியூரான்கள் பலவற்றில் சென்ட்ரியோல் இருப்பதை எலெக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியிருக்கிறது. மூக்கில் மணம் உணரும் நியூரானின் குறுயிழைகள் அடித்தட்டு உறுப்புகளிலிருந்தே கிளம்புகின்றன. அவை சென்ட்ரியோலிலிருந்து வந்தவை.

பிரியாததன் காரணம் வேறு. செல் வளர்ந்து வேறுபடும்போது பிரிதல் சுழற்சியிலிருந்து நிரந்தரமாக விலகிவிடுகிறது. அதை நடத்தும் மரபணுக்கள் அடக்கப்படுகின்றன. மேற்சொன்ன மணம் உணரும் நியூரான்கள் ஆயுள் முழுதும் புதுப்பிக்கப்படுகின்றன. அங்கும் பழைய நியூரான் பிரிவதில்லை. அடியிலிருக்கும் மூல செல்கள் புதியவற்றைத் தருகின்றன.

15. கையில நரம்பு வெட்டுப்பட்டா திரும்ப வளரும், முதுகுத்தண்டுல வளராதுங்கறாங்க. ரெண்டும் அதே நியூரான்தானே?

நியூரான் ஒன்றாகவே இருக்கலாம், சுற்றியிருப்பவை வேறு. வெட்டுக்கு அப்பாலுள்ள ஆக்சான் துண்டு உட்கருவோடு தொடர்பற்றுப் போவதால் சிதைகிறது. அகஸ்டஸ் வாலர் 1850-இல் தவளைகளில் இதை விவரித்தார். செல் உடலில் நிஸ்ஸில் திட்டுகள் கலைந்து பரவி, உட்கரு ஓரத்துக்கு நகரும். பார்க்கச் சாவது போலிருக்கும். பல நேரங்களில் அது பழுதுபார்க்கும் புரதங்களுக்கு உற்பத்தி திசைமாறுவதன் தோற்றம்.

வெளி நரம்பில் ஷ்வான் செல்கள் சிதைவை அகற்றி, வரிசையாக நின்று புதிய முளைக்குப் பாதை காட்டுகின்றன. வளர்ச்சி நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். கேள்வி 7-இல் சொன்ன மெதுவான சரக்கின் வேகமும் அதே அளவுதான் என்பதைப் பாருங்கள். கட்டுமானப் பொருள் வந்துசேர்வதற்கு முன் கட்டிடம் எழும்ப முடியாது. தண்டுவடத்துக்குள் ஆலிகோடென்ட்ரோசைட் மையலினில் வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்கள் உள்ளன, காயத்தில், நியூரான்களுக்குத் துணைநிற்கும் கிளியா செல்களின் வடுவும் உண்டாகிறது. முளை கிளம்பினாலும் நின்றுவிடுகிறது.

16. அப்போ எல்லாப் புரதமும் செல் உடல்லதான் தயாராகுதுன்னு எழுதலாமா?

"பெரும்பாலும்" என்ற சொல்லைச் சேர்த்து எழுதுங்கள். டென்ட்ரைட்டுகளின் மேல் முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு புடைப்புகளின் அடியில் ரைபோசோம் கொத்துகள் இருப்பது 1982-இல் காட்டப்பட்டது. செல் உடலிலிருந்து செய்தி ஆர்.என்.ஏ. அங்கே அனுப்பப்பட்டு, அந்த சினாப்ஸுக்கு வேண்டிய புரதம் அங்கேயே தயாராகிறது. ஆயிரக்கணக்கான சினாப்ஸ்களில் ஒன்றை மட்டும் வலுப்படுத்த வேண்டுமானால் இப்படி உள்ளூர்த் தயாரிப்பு இருந்தாக வேண்டும். வளரும் ஆக்சானின் நுனியிலும் சிறிய அளவில் இது நடக்கிறது.

எனவே ஆக்சானில் நிஸ்ஸில் துகள் இல்லை என்பது சரி, ரைபோசோமே இல்லை என்பது சரியல்ல. சாயத்தில் திட்டாகத் தெரியும் அளவுக்கு அவை அங்கே அடர்ந்திருப்பதில்லை, அவ்வளவுதான்.